ரேபிட்எம்க்யூ கண்காணிப்பு: கியூ காலியாக இருந்தால் நிம்மதியா?

கே: ரேபிட்எம்க்யூவை (புரோகிராம்களுக்கு இடையே மெசேஜ்களை கியூவில், அதாவது வரிசையில், வைத்துக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) கண்காணிக்க எழுதிய ஸ்கிரிப்ட் என் மெஷினில் ஓடுகிறது, மானிட்டரிங் சர்வரில் போட்டால் 401 (அனுமதி மறுப்பு) தருகிறது.

ப: ரேபிட்டோடு கூடவே வரும் கெஸ்ட் யூசர்தானே? 3.3 வெர்ஷனிலிருந்தே அது லோக்கல்ஹோஸ்ட்டை (ரேபிட் ஓடும் அதே மெஷின்) தாண்டாது. தனி யூசர் ஒன்று உருவாக்கி, மானிட்டரிங் டேக் (அனுமதி அடையாளம்) மட்டும் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் டேக் வேண்டவே வேண்டாம்.

கே: டீஃபால்ட் வி-ஹோஸ்ட்டில் (ரேபிட்டுக்குள் இருக்கும் தனிப் பிரிவு) இருக்கும் கியூவை ஏபிஐயில் கேட்டால் 404.

ப: அந்த வி-ஹோஸ்ட்டின் பெயரே ஒரு சாய்கோடுதான். யூஆர்எல்லில் %2F என்று மாற்றிப் போடுங்கள்.

கே: மேனேஜ்மென்ட் ஏபிஐயை செகண்டுக்கு ஒருமுறை கேட்கிறேன். சர்வர் திணறுகிறது.

ப: திணறாமல்? அது கணக்கெடுப்பதே 5 செகண்டுக்கு ஒருமுறை. ப்ரோமிதியஸ் (அளவீடுகளைச் சேகரிக்கும் கருவி) ப்ளகினைப் போட்டு, 15692 போர்ட்டில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுங்கள். பத்தாயிரம் கியூ வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெட்ரிக் கேட்காதீர்கள்.

கே: கியூ நீளம் 1000 தாண்டினால் அலர்ட் வைத்திருக்கிறேன். போதுமா?

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. போதாது! முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் விடிகாலை 3 மணி. டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, எல்லா கியூவிலும் பூஜ்யம். ஆர்டர் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. லாக் ஃபைல்கள் டிஸ்க்கை அடைத்து, டிஸ்க் அலாரம் விழுந்திருந்தது. அலாரம் விழுந்தால் பப்ளிஷர்கள் (மெசேஜ் அனுப்புபவை) நிறுத்தப்படும், கன்ஸ்யூமர்கள் (மெசேஜை எடுத்துக்கொள்பவை) பாட்டுக்கு வேலை செய்யும். இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டன. எங்கள் அலர்ட் எதைப் பார்த்து அடிக்கும்?

ஆகவே முதலில் டிஸ்க், மெமரி அலாரங்களைப் பிடியுங்கள். கிளஸ்டரில் (சேர்ந்து ஓடும் சர்வர்கள்) ஒரே ஒரு நோடில் விழுந்தாலும் மொத்த கிளஸ்டரிலும் பப்ளிஷ் நிற்கும். டிஸ்க் அலாரத்துக்கான காலியிட எல்லை டீஃபால்ட்டாக வெறும் 50 எம்பி, கட்டாயம் உயர்த்துங்கள். பிறகு பப்ளிஷ் வேகத்தையும் அக் (மெசேஜ் முடிந்தது என்று கன்ஸ்யூமர் சொல்லும் பதில்) வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் மெசேஜ் கிடந்தால் குடிமுழுகிப் போகாது. பட்டப்பகலில் பப்ளிஷ் பூஜ்யமானால்தான் ஆளை எழுப்ப வேண்டும்.

கே: ரேபிட் அடிக்கடி டவுன் ஆகிறது. என்ன செய்யலாம்?

ப: வெர்ஷன் இல்லை, லாக் இல்லை. ஜோசியர்கூடப் பிறந்த நேரம் கேட்பார்.

கே: ரெடி (கியூவில் காத்திருப்பவை) பூஜ்யம், அன்அக்டு (கன்ஸ்யூமர் எடுத்தும் அக் வராதவை) மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

ப: ப்ரீஃபெட்ச் (கன்ஸ்யூமர் அக் தராமல் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய மெசேஜ் அளவு) வைக்காமல் விட்டிருப்பீர்கள். கன்ஸ்யூமர் மொத்தத்தையும் அள்ளி வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது. 50-இல் ஆரம்பியுங்கள். அப்புறம், கடிதத்தோடு ஒட்டிய கான்ஃபிக்கில் உங்கள் மானிட்டரிங் யூசருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் டேக்தான் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.