பம்பில் வரும் பால் பாதியாகிவிட்டது, எப்படிக் கூட்டுவது?

கேள்வி: மகனுக்கு இரண்டரை மாதம். வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ஆபீசில் இரண்டு தடவை பம்ப் வைத்துப் பால் எடுக்கிறேன். முதல் வாரம் ஒரு தடவைக்கு 110 மி.லி. வந்தது, இப்போது 60, 70 வந்தாலே பெரிது. நான் வெளியே இருக்கும் பத்து மணி நேரத்தில் வீட்டில் 150 மி.லி. வீதம் மூன்று பாட்டில் கொடுக்கிறார்கள், அத்தனையும் காலி. உறைய வைத்திருந்த பாலும் தீர்ந்துவிட்டது. பம்ப் அக்கா பயன்படுத்தியது. குழந்தை இப்போது இரவில் ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறான், நானும் தூங்கிவிடுகிறேன். எனக்குப் பால் வற்றுகிறதா? என்ன சாப்பிட்டால் சுரக்கும்?

பதில்: வற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம் வாருங்கள்.

வீட்டில் இருந்தபோது குழந்தை ஒரு நாளைக்கு ஒன்பது பத்து தடவையாவது குடித்திருப்பான். இப்போது காலையில் ஒன்று, நீங்கள் திரும்பி வந்ததும் ஒன்று, தூங்கும் முன் ஒன்றிரண்டு, அதோடு ஆபீசில் இரண்டு பம்ப். எப்படிக் கூட்டினாலும் ஆறைத் தாண்டாது. இரவில் ஏழு மணி நேரம் முழுசாக இடைவெளி. மார்பு இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்றால், "சரி, இவ்வளவுதான் தேவை போல" என்று தானே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். முதல் சில வாரங்கள் ஹார்மோன் தள்ளிய வேகத்தில் பால் வரும், அதற்குப் பிறகு எவ்வளவு வெளியே போகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்தது சுரக்கும். மார்பு நிறைந்தே இருந்தால் சுரப்பு மெதுவாகும், காலியாகக் காலியாக வேகம் பிடிக்கும். "நல்லா நிறையட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று காத்திருப்பது அந்த ஒரு பாட்டிலில் அதிகமாகத் தெரியும், ஆனால் நாலு நாளில் மொத்தத்தைக் குறைத்துவிடும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதனால் என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கும் முன், பால் சரியாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். அதில் முதல் சந்தேகம் எனக்கு உங்கள் மேல் இல்லை, பம்ப் மேல்தான்.

அக்காவின் பம்ப் என்கிறீர்கள். அதன் மோட்டார் எத்தனை மாதம் ஓடியது? உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வால்வுகளையும் சவ்வுகளையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கொஞ்சம் தளர்ந்துவிட்டாலே உறிஞ்சும் வேகம் போய்விடும், மோட்டார் சத்தம் மட்டும் அப்படியே கேட்கும். தினமும் பல தடவை எடுப்பவர்கள் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் இவற்றை மாற்ற வேண்டியிருக்கும். வால்வை மாற்றிய அன்றே அளவு கூடிவிட்டதாகச் சொன்ன அம்மாக்கள் உண்டு, அதுவரை எல்லாப் பழியையும் தங்கள் உடம்பின் மேல் போட்டுக்கொண்டிருந்தவர்கள். இன்னொன்று, சில பம்புகளில் பால் குழாய் வழியாக மோட்டார் வரைக்கும் போக வழி உண்டு, அந்தப் பகுதியைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. அந்த வகையை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. உங்களுடையது எந்த வகை என்று அதன் கையேட்டில் பாருங்கள். பால் மோட்டாருக்குள் போக முடியாதபடி மூடிய அமைப்பு என்றால், புனல், குழாய், வால்வு எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் போட்டால் போதும்.

அடுத்தது புனல், மார்பில் வைக்கிறோமே அது. பல பம்புகளோடு 24 மி.மீ. அளவு வரும், நாமும் அதுதான் எல்லோருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். நிறையப் பெண்களுக்கு அது பெரிசு. பால் எடுப்பதற்கு முன், காம்பின் அடிப்பகுதி எத்தனை மி.மீ. அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்காமல். புனல் அதே அளவோ, இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாகவோ இருந்தால் சரி. உறிஞ்சும்போது காம்பு மட்டும் தடையில்லாமல் உள்ளே போய்வர வேண்டும். கருவட்டமும் நிறைய இழுபட்டு உள்ளே போனால் புனல் பெரிசு. காம்பு பக்கவாட்டில் உரசினால், எடுத்து முடித்ததும் வெளுத்துப்போய் நின்றால், சின்னது. இரண்டு மார்புக்கும் இரண்டு அளவு வருவதும் உண்டு, பயப்பட வேண்டாம்.

பம்பின் உறிஞ்சும் விசையை எவ்வளவு வைப்பது? வலிக்காமல் தாங்க முடிந்த அதிகபட்சம் எதுவோ அது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி எண்ணில் வைப்பவர்களுக்குப் பால் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் பாலை இறக்கிவிடுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், வலியும் பதற்றமும் அதைத் தடுக்கும். ஆபீசில் கதவைப் பார்த்துக்கொண்டே, மீட்டிங்கை நினைத்துக்கொண்டே எடுக்கும்போது குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டிலை ஒரு துணியால் மூடிவிடுங்கள், எத்தனை மி.லி. ஆச்சு என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டாம். குழந்தையின் வீடியோவைப் பாருங்கள், அவன் போட்ட சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அசட்டுத்தனமாகத் தெரியலாம், ஆனால் குழந்தையின் முகமும் வாசனையும் சத்தமும் பாலை இறக்குவது உண்மைதான்.

பம்ப் வைத்ததும் முதலில் வேகமான, மென்மையான உறிஞ்சல் இருக்கட்டும். பால் பீச்ச ஆரம்பித்ததும் மெதுவான, ஆழமான உறிஞ்சலுக்கு மாற்றுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் தாரை நின்று சொட்டுச் சொட்டாக வரும், பலர் அத்தோடு முடித்துவிடுவார்கள். முடிக்காதீர்கள். மறுபடியும் அந்த வேகமான உறிஞ்சலுக்குப் போய் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால் இன்னொரு முறை இறங்கும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம், கடைசிச் சொட்டு நின்ற பின்னும் இரண்டு நிமிடம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்ப் இருந்தால் நேரமும் மிச்சம், பாலும் கூடுதலாக வரும்.

அப்புறம் கை. இதைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது, யாரும் முதல் தடவையிலேயே நம்புவதில்லை. எடுப்பதற்கு முன்னும், எடுக்கும்போதும் மார்பை மெதுவாகத் தடவி, அங்கங்கே லேசாக அழுத்திக் கொடுங்கள், பம்ப் முடிந்ததும் ஒரு சில நிமிடம் கையாலேயே பீச்சி எடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேன் மார்டனும் அவருடைய குழுவினரும் குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் இதைச் செய்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள், பம்போடு கையையும் சேர்த்தபோது பாலின் அளவு தெளிவாகவே கூடியது. "மெதுவாக" என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பிசைந்து எடுத்தால் உள்ளே வீங்கி, பால் கட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது எத்தனை தடவை என்ற கணக்கு. தாய்ப்பாலும் பம்பும் சேர்த்து 24 மணி நேரத்தில் எட்டு தடவையாவது மார்பு காலியாக வேண்டும். உங்களுக்கு இரண்டு குறைகிறது. ஆபீசில் இரண்டை மூன்றாக்க முடியுமா பாருங்கள், அரை மணி நேரம் கிடைக்காவிட்டால் பத்து நிமிடமாவது. நீண்ட நேரம் ஒரு தடவையைவிட, கொஞ்ச நேரமாக இரண்டு தடவை நல்லது. இன்னொன்றைக் காலையில் வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு விடியற்காலையிலும் காலையிலும்தான் பால் அதிகம், குழந்தை குடித்து முடித்த பின் ஒரு பம்ப் வைத்தால் நன்றாக வரும். இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம், அதனால் இரண்டு மணிக்கு எழுந்து எடுப்பது பலன் தரும், ஆனால் தூங்காத அம்மாவுக்கு அதில் கிடைப்பதைவிடப் போவது அதிகமாகிவிடலாம். குழந்தை எட்டு மணிக்குத் தூங்கி நீங்கள் பத்தரைக்குப் படுப்பீர்கள் என்றால், படுக்கும் முன் ஒரு தடவை எடுத்துவிடுங்கள், இடைவெளி ஐந்து மணி நேரத்துக்கு வந்துவிடும்.

அளவு இறங்கியதை ஒரு வாரத்தில் தூக்கி நிறுத்த 'பவர் பம்பிங்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, 20 நிமிடம் எடுத்து, 10 நிமிடம் ஓய்வு, 10 எடுத்து, 10 ஓய்வு, மறுபடி 10. வளரும் குழந்தை விட்டு விட்டுக் குடிக்குமே, அதைப் போலச் செய்து காட்டுவது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு வாரம் போதும். சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது, சிலருக்கு அலுப்புதான் மிச்சம். பம்பும் புனலும் சரியில்லாமல் இதைச் செய்வது வீண்.

இனி மறுபக்கம், வீட்டுப் பக்கம். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் சராசரியாக 750 முதல் 800 மி.லி. போதும், பவுடர் பாலைப் போல மாதாமாதம் ஏறிக்கொண்டே போவதில்லை. சில குழந்தைகள் 500 கிட்ட நின்றுவிடும், சிலர் ஒரு லிட்டரைத் தாண்டுவார்கள். சராசரியை வைத்தால் பத்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 330 மி.லி. ஆகிறது. உங்கள் வீட்டில் 450 போகிறது. காலி செய்துவிடுகிறான் என்பதால் அவ்வளவும் பசி என்று ஆகாது, வேகமாக ஊற்றும் நிப்பிளில் குழந்தைக்கு வேறு வழியில்லை, விழுங்கித்தான் ஆக வேண்டும். வயிறு நிறைந்தது தெரிவதற்குள் பாட்டில் முடிந்துவிடும். பகலில் இப்படி நிறைத்துவிட்டால் சாயங்காலம் உங்களிடம் குறைவாகத்தான் குடிப்பான், உங்கள் சுரப்பு இன்னும் இறங்கும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள்: மெதுவாக வரும் நிப்பிள், குழந்தையைக் கிட்டத்தட்ட உட்கார வைத்த நிலை, பாட்டில் நேராகக் கவிழாமல் படுக்கைவாட்டில், நடுவில் இரண்டு மூன்று முறை நிறுத்தம், 15 நிமிடமாவது ஆகட்டும். 90, 100 மி.லி. பாட்டில்களாகப் பிரித்து வைத்து, இன்னும் பசித்தால் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். முகத்தைத் திருப்பினால் மிச்சத்தைத் திணிக்கக் கூடாது. இதைக் குழந்தையைப் பட்டினி போடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாளில் ஆறு டயபராவது நன்றாக நனைகிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் அளவுகோல். இந்த வயதில் தினமும் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். அது நடக்காவிட்டால் நான் மேலே சொன்ன கணக்கை மறந்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். பால் கூடும்வரை இடையில் பற்றாக்குறை வந்தால் குழந்தைகளுக்கான பவுடர் பாலைச் சேர்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை, தாய்ப்பாலில் தண்ணீர் கலந்து நிரப்பும் வேலை மட்டும் கூடவே கூடாது.

கடைசியாக நீங்கள் கேட்ட சாப்பாடு. ஏமாற்றமாக இருக்கும். வயிறு நிறையச் சாப்பிடுங்கள், பாலூட்டும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ 400, 500 கலோரி கூடுதலாக வேண்டியிருக்கும், எடை குறைக்கிறேன் என்று இப்போது பட்டினி கிடக்காதீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், தாகத்துக்கு மேல் லிட்டர் லிட்டராகக் குடித்தால் கழிவறைக்கு நடப்பதுதான் கூடும். பால் சுரக்க வைக்கும் என்று விற்கும் பொடிகள், டீக்கள், மாத்திரைகளுக்குச் சான்று பலவீனம், மார்பு காலியாகாமல் அவை எதுவும் ஒன்றும் செய்யாது. பால் கூட்டுவதற்காகச் சிலர் வாந்தி மாத்திரையான டாம்பெரிடோனைத் தாங்களே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது அது, மருத்துவர் பார்த்து எழுதித் தராமல் தொட வேண்டாம்.

அதற்குப் பதிலாக நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சமீபத்தில் ஆரம்பித்தீர்களா? மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் உள்ள மாத்திரை? இரண்டுமே பாலைக் குறைக்கும். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, முன்பு மார்பில் அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் பம்பை மட்டும் சரி செய்து பயனில்லை, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். அந்த நேரத்தில் "முழுசாகக் காலி செய்கிறேன்" என்று கூடுதலாகப் பம்ப் வைப்பது வீக்கத்தை அதிகமாக்கும், வழக்கமான அளவுக்கு எடுத்தால் போதும்.

பலன் தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். ஒரு பாட்டிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாயங்கால பாட்டில் எப்போதுமே சோகமாகத்தான் இருக்கும். நாள் முழுக்க எடுத்த மொத்தத்தையும், எத்தனை தடவை என்பதையும் ஏழு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள், கூடவே குழந்தையின் எடையையும். வால்வு மாற்றி, புனல் அளவு பார்த்து, எட்டு தடவை ஆன பிறகும் அந்த எண் நகரவில்லை என்றால் அந்தத் தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். தைராய்டு பரிசோதனையையும் அதற்குள் முடித்துவிட்டால் நல்லது.