மைக் பிடிக்க ஆசைப்படும் மகளை என்ன படிக்க வைப்பது?

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூ வணிகவியல் படிக்கும் மகள் கபடி வர்ணனையாளர் ஆகப்போவதாக ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்றும், "எல்லாரும்தான் டிவியில் பார்க்கிறார்கள், அதை ஒருத்தர் வாயால் வேறு சொல்லணுமா, அதற்கு யார் சம்பளம் தருவார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டிருந்தாலும் நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரிவதையே திருப்பிச் சொன்னால் யாரும் சம்பளம் தர மாட்டார்கள்.

கபடியில் ஒரு ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போவது, அதிகபட்சம் 30 விநாடி. ரெய்டர் உள்ளே போகிறார், ஒருவரைத் தொடுகிறார், திரும்பி வருகிறார். இதெல்லாம் திரையில் தெரிகிறது. ஆனால் அந்த அணியின் முந்தைய இரண்டு ரெய்டிலும் யாருக்கும் புள்ளி கிடைக்கவில்லை என்றால், புரோ கபடி லீக்கில் இது 'டூ ஆர் டை' ரெய்டு. இப்போதும் வெறுங்கையோடு திரும்பினால் அவர் அவுட். எதிரே ஆறு பேருக்குக் குறைவாக நின்றால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டியும் பயனில்லை. மூன்று பேர் மட்டுமே நின்று அவரைப் பிடித்துவிட்டால் அது சூப்பர் டேக்கிள், அவர்களுக்கு 2 புள்ளி. ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே வர்ணனையாளர் இத்தனையையும் மனத்தில் ஓட்டி, அந்த நேரத்துக்கு எது முக்கியமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். வேலை அதுதான். தொண்டை கிழியக் கத்துவது வேலையில் சேராது, பலர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாலும்.

வானொலியில் இது தலைகீழ். அங்கே படமே இல்லை என்பதால் மைதானம் முழுவதையும் சொல்லில் கட்டித் தர வேண்டும். ஸ்கோரை அடிக்கடி சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதியில் ரேடியோவைத் திருப்புகிறவர்கள் எப்போதும் உண்டு. அமெரிக்காவில் ரெட் பார்பர் என்ற பேஸ்பால் வர்ணனையாளர் பக்கத்தில் ஒரு சின்ன மணல் கடிகாரத்தை வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்தால் ஸ்கோர் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஆட்டத்தின் சூட்டில் ஸ்கோர் மறந்துபோகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருகிறேன். வர்ணனைக்கென்று மூன்று வருடப் பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். 'விஸ்காம்' எனும் காட்சித் தொடர்பியல் படிப்புதான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் கேமராவும் எடிட்டிங்கும் நன்றாகக் கற்கலாம், ஆனால் பேசுவதற்கு விஷயம் வேண்டுமே! புகழ்பெற்ற கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்லே சர்வதேசக் கிரிக்கெட் ஆடியதில்லை. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல், அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மை படித்தவர். 19 வயதில் ஹைதராபாத் வானொலியில் வர்ணனையைத் தொடங்கினார். உங்கள் மகள் பி.காம் அல்லது பி.ஏ. பொருளாதாரம் படிக்கட்டும் என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் உண்டு. பேசுவதற்கான மேடை விளையாட்டில் மட்டும் இல்லை. பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட் வருகிறது. வரி அடுக்கு மாறியது என்பது செய்தி. மாதச் சம்பளக்காரருக்குக் கையில் எவ்வளவு மிஞ்சும், அந்தப் பணத்தை அரசு வேறு எங்கே ஈடுகட்டப் போகிறது என்று விளக்குவது வேறு வேலை. தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் தொலைக்காட்சி அலசலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்து, தமிழில் தெளிவாகப் பேசவும் எழுதவும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இல்லை. கபடி கை கொடுக்காத வருடத்தில் இது கை கொடுக்கும்.

பட்டம் முடித்தபின் ஊடகம் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை இருக்கிறது. தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் பட்டப்படிப்புக்குப் பிந்தைய டிப்ளமோவும் உண்டு. ஆனால் கட்டணம் கூடுதல், பாடம் ஆங்கிலத்தில். இப்போதே கடன் கணக்குப் போடாதீர்கள், மூன்று வருடம் இருக்கிறது. நீங்கள் திண்டுக்கல்காரர் என்பதால் இன்னொன்று: கொடைக்கானல் பண்பலையும் மதுரை வானொலியும் பக்கத்தில்தான். அகில இந்திய வானொலி நிலையங்கள் பகுதி நேர அறிவிப்பாளர்களைக் குரல் தேர்வு வைத்து எடுப்பதுண்டு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கட்டும்.

வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். விளையாட்டு வர்ணனை பெரும்பாலும் சீசன் வேலை, ஒப்பந்த வேலை. தொலைக்காட்சியில் நிபுணர் நாற்காலி முன்னாள் வீரர்களுக்குத்தான் போகும்; உங்கள் மகள் குறிவைக்க வேண்டியது ஆட்டத்தை நடத்திச் செல்லும் குரலை. தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் 2017இல் புரோ கபடிக்கு வந்தது, கிரிக்கெட்டுக்கும் தமிழ் ஒளிபரப்பு நிலைத்துவிட்டது. ஆகவே வாய்ப்பு முன்பைவிட உண்டு. ஆனாலும் மாதாமாதம் முதல் தேதி பணம் வரும் என்று நினைத்து இறங்கக் கூடாது.

யூடியூப் ஆரம்பிக்கிறேன் என்பாள். ஆரம்பிக்கட்டும், ஆனால் டிவி போட்டியின் காட்சிகளை எடுத்துப் போட்டுப் பேச வேண்டாம். அந்த உரிமை ஒளிபரப்பாளருடையது. 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் (மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்படுத்த 1957 பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. முழு ஆட்டத்தைப் போட்டுக்கொள்ள அது இடம் தராது. அதைவிட உங்கள் பகுதி ஊர்க் கபடிப் போட்டிகளில் மைக் கேட்டு வாங்கட்டும். சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு போட்டிக்கு நீங்களே கூடப் போங்கள், அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

பொதுத்தேர்வு முடியும்வரை ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி. டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு பாதி ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லி போனில் பதிவு செய்யட்டும். அப்புறம் அந்த ஆட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் போட்டுக் காட்டி, இப்போது ஸ்கோர் என்ன, யார் முன்னிலை, ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால் நல்லது. மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பதிவுகளில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டுக் கல்லூரி விஷயம் பேசலாம்.