பெயர் போயாச்சு, நியமனம் எப்போது?

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுப் பங்கு வழக்கு மேல்முறையீட்டில் மதுரைக் கிளையில் கிடக்கிறது. நீதிபதிகள் போதவில்லை என்கிறார்கள். நீதிபதி பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் அனுப்பும் பெயர்களை மத்திய அரசு கிடப்பில் போட்டால், உச்ச நீதிமன்றமே தீர்த்து வைக்கக் கூடாதா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கூடும், ஆனால் பாதிதான். கொலீஜியம் ஒருமனதாக அதே பெயரை மறுபடி அனுப்பினால் 3, 4 வாரத்தில் நியமித்தாக வேண்டும் என்று 2021 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. அப்படியும் கோப்புகள் நகராமல் போக, பெங்களூரு வழக்கறிஞர் சங்கம் அவமதிப்பு மனு போட்டது, அதை விசாரித்த நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அரசை விடாமல் கேள்வி கேட்டார், சில பெயர்கள் நகரவும் செய்தன. அப்புறம் 2023 டிசம்பரில் அந்த மனு விசாரணைப் பட்டியலிலேயே இல்லை! அதைக் கடைசிவரை விசாரித்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நியமன ஆணையில் கையெழுத்து குடியரசுத் தலைவருடையது, அதை நீதிமன்றம் போட முடியாது. சரி, தாமதமாகவாவது வந்தால் போதுமா? பதவியேற்ற தேதியை வைத்துத்தான் சீனியாரிட்டி. ஒரே பட்டியலில் பின்னால் இருந்தவர் முதலில் பதவியேற்றால், காத்திருந்தவர் அவருக்கு ஜூனியராகிவிடுகிறார். இதனாலேயே நல்ல வக்கீல்கள் சிலர் நீதிபதியாகக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழையபடி கோர்ட்டில் வாதாடப் போய்விடுகிறார்கள். அவர்களை எந்தத் தீர்ப்பும் திரும்பக் கூட்டி வராது.