பழைய இணையத்தளத்தை மாற்றி அமைக்க 45,000 ரூபாய் தேவையா?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி 2002இல் நானே ஓர் இணையத்தளம் அமைத்தேன். கடைசியாக அதைத் தொட்டது 2008இல். முகப்பில் ஓடும் எழுத்து, மின்னும் மயில் படம், வருகையாளர் எண்ணிக்கை, மண்வெட்டி பிடித்த தொழிலாளியுடன் 'பணி நடைபெறுகிறது' என்ற பலகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அதைத் திறந்து வைத்துச் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது, ஆனாலும் மூடிவிட மனம் வரவில்லை. இப்போது ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, 45,000 ரூபாய் செலுத்திப் புதிய வடிவத்துக்கு மாற்றாவிட்டால் கூகுள் தளத்தை நீக்கிவிடும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பழையது என்பதற்காக எந்தத் தளத்தையும் கூகுள் நீக்குவதில்லை. கைப்பேசியில் படிக்கச் சிரமமான பக்கங்கள் தேடலில் சற்றுப் பின்தங்கலாம், அவ்வளவே. உங்கள் ஓடும் எழுத்து இன்றைய உலாவிகளிலும் ஓடுகிறது. உலகின் முதல் இணையப் பக்கங்களின் 1992ஆம் ஆண்டுப் பிரதியை, ஐரோப்பாவின் சேர்ன் அணு ஆய்வகம் 2013இல் அவற்றின் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவியது. அங்கே ஒரு படம்கூட இல்லை. அந்தத் தொழிலாளியையும் மயிலையும் தாராளமாக இருக்கவிடுங்கள். இலவச இடமளித்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியபோது, இத்தகைய தனிமனிதர் பக்கங்கள் பெருமளவில் மறைந்துபோயின. சொந்த முகவரி வைத்திருந்ததால் உங்களுடையது தப்பியிருக்கிறது.

ஆகவே நீங்கள் தவறாமல் செலவிட வேண்டியது அந்த முகவரிக்குத்தான், அதாவது டொமைன் பெயருக்கு. டாட் காம் பெயர் ஒன்றுக்கு, அதைப் பதிவு செய்து தரும் பதிவு நிறுவனம் செலுத்தும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது, அந்த நிறுவனத்தின் இலாபமும் வரியும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே வரலாம். அதைப் போலப் பல மடங்கு கேட்டால் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை புதுப்பித்து வைக்கலாம். காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் விதி. அந்த மின்னஞ்சல் 2002இல் கொடுத்து இன்று பயன்பாட்டில் இல்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அக்காலத்தில் ஊர் கணினி மையத்தாரே தம் பெயரில் பதிவு செய்து கொடுப்பதும் உண்டு. அப்படியானால் முதலில் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. கைவிட்ட பெயரை வேறொருவர் வாங்கி, கல்வெட்டு தேடி வருகிறவர்களைச் சூதாட்டப் பக்கத்துக்கு அனுப்பலாம். அந்தப் பெயரில் உங்களுக்கு மின்னஞ்சல் முகவரி இருந்திருந்தால், கடவுச்சொல் மாற்றும் கடிதங்கள் உட்பட அதற்கு வருவதெல்லாம் அவர் கைக்குப் போய்ச் சேரும். நீக்கப்பட்ட டாட் காம் பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு என்றாலும் அப்போது கட்டணம் வழக்கத்தைவிடப் பன்மடங்கு.

தளத்தில் மாற்ற வேண்டியவை சில உண்டு. அன்பர்கள் கருத்து எழுதும் வருகைப் பதிவேடு தளத்தில் இருந்தால், அதன் நிரலை நிறுத்திவிட்டு, அவர்கள் எழுதியவற்றை மட்டும் சாதாரணப் பக்கமாக வைத்து, அவர்களுடைய மின்னஞ்சல்களையும் உங்கள் பழைய வீட்டு முகவரியையும் எடுத்துவிடுங்கள். பராமரிக்கப்படாத நிரல் வழியாகத்தான் விஷமிகள் நுழைகிறார்கள். உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டினால், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு வழங்கும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் போதும். அதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்பவரை நம்ப வேண்டாம்.

பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் தமிழ் எழுத்துகள் வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றனவா? அக்காலத்தில் பலரும் பாமினி எழுத்துரு, திஸ்கி குறியீட்டு முறை போன்றவற்றில் தட்டச்சு செய்து, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கென, பக்கத்தோடு தானாக வந்திறங்கும் இயங்கு எழுத்துருவை இணைத்து வைத்தார்கள். அந்த உலாவிக்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. 'பொங்குதமிழ்' போன்ற இலவச மாற்றியில் பழைய எழுத்தை ஒட்டினால், இன்றைய கருவிகளில் தெரியும் யூனிகோடு தமிழ் கிடைத்துவிடும். உழைப்பு தேவைப்படும் ஒரே வேலை இதுதான். கல்வெட்டு வரிகளில் கிரந்த எழுத்துகள் பிறழ்ந்திருக்கின்றனவா என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்யுங்கள், அவர்களுக்கும் படிக்கக் கிடைக்கும்.

டொமைன் பெயரைப் புதுப்பிக்கும்போது கூடுதல் சேவைகளுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அத்தகைய தானியங்கி ஒப்புதலைத் தடை செய்கின்றன. தொலைபேசியில் மிரட்டியவர்கள் மீண்டும் அழைத்தால், சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம்.