ராத்திரி ரெண்டு மணிக்கு யாரை எழுப்பறது? குழந்தைங்க கேன்சர் வார்டு பத்தி உங்க கேள்விகள்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு பதில் எழுதும்போது, குழந்தைங்க கேன்சர் வார்டுல வேலை பாக்குற டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட், பிசியோ எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு ட்ரெயினிங் குடுக்கணும்னு சொல்லியிருந்தேன். அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கல. 22 வருஷம் அந்த மாதிரி வார்டுல நர்ஸா இருந்துட்டு இப்போ ட்ரெயினிங் குடுக்கற வேலைல இருக்கேன், அந்த அனுபவத்துலேந்து பதில் சொல்றேன்.

கேள்வி: நான் நர்ஸிங் மூணாவது வருஷம் படிக்கறேன். டாக்டருக்கு டாக்டர் பாடம், எங்களுக்கு எங்க பாடம்னு தனித்தனியாத்தானே இருக்கு, எதுக்கு ஒண்ணா படிக்கணும்? மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் பக்கத்துல உக்காந்தா எங்க கிளாஸ்ல யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. (மாணவி, திருநெல்வேலி)

வாயே தொறக்க மாட்டாங்கன்னு எழுதினீங்க பாருங்க தங்கச்சி, ஒண்ணா படிக்கணும்னு நான் சொல்றதுக்கு காரணமே அதுதான். ஒரே ஹால்ல 200 பேரை உக்கார வச்சு ஸ்லைடு போட்டா அது ஒண்ணா படிக்கறது இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2010ல இதுக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல சொல்றது என்னன்னா, ரெண்டு மூணு தொழில்ல இருக்கறவங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர், ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தர், ஒருத்தரோட ஒருத்தர் சேர்ந்து கத்துக்கணும். மூணும் வேணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். பிளட் கேன்சர் வந்த குழந்தைக்கு வின்கிரிஸ்டின்னு ஒரு மருந்து நரம்புல, அதாவது வெயின்ல போகும், மீத்தோட்ரெக்ஸேட்னு இன்னொரு மருந்து முதுகுத்தண்டுல போகும். முதுகுல போக வேண்டியது இடம் மாறினாகூட சமாளிக்கலாம், ஆனா வின்கிரிஸ்டின் முதுகுல போச்சுன்னா அனேகமா உயிர் போயிடும். 2001 ஜனவரில இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல இதேதான் நடந்துச்சு. ட்ரீட்மெண்ட் நல்லா போயிட்டு இருந்த 18 வயசுப் பையன், வின்கிரிஸ்டினும் முதுகுல போக வேண்டிய இன்னொரு மருந்தும் சிரிஞ்சுல ஒரே நேரத்துல வார்டுக்கு வந்திருக்கு, ஊசி போட்ட ஜூனியர் டாக்டர் ‘வின்கிரிஸ்டினா, முதுகுலயா’ன்னு கேட்டுமிருக்காரு, மேல இருந்த டாக்டர் ஆமான்னுட்டாரு, அதுக்கு மேல எதிர்த்துக் கேக்க அவருக்கு வாய் வரல. ஒரு மாசத்துல பையன் போயிட்டான். விசாரிச்சுப் பாத்தப்போ யாரோ ஒருத்தர் தப்புன்னு முடியல, ஃபார்மசிலேந்து வார்டு வரைக்கும் வரிசையா ஓட்டை இருந்துச்சு.

அப்புறம் 2007ல உலக சுகாதார நிறுவனம், வின்கிரிஸ்டினை சிரிஞ்சுல தராதீங்க, சின்ன சலைன் பையில கலந்து குடுங்கன்னு எச்சரிக்கை விட்டாங்க. பையை யாரும் முதுகு ஊசில மாட்டப் போறதில்லைல்ல, அவ்ளோதான் விஷயம். கேக்க சின்னதா இருக்கும், ஆனா இதை நடத்த எத்தனை பேர் சேரணும்னு யோசிங்க. ஃபார்மசிஸ்ட் பையில கலக்கணும், மருந்து வெயினுக்கு வெளில கசிஞ்சா சதை புண்ணாயிடும்ங்கறதால நர்ஸ் அது ஓடி முடியற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும், முதுகு ஊசி போடற ரூமுக்குள்ள அந்தப் பை வரவே கூடாதுன்னு டாக்டர் ஒத்துக்கணும். இதுல யாரும் தனியா ஒண்ணும் பண்ண முடியாது.

எங்க ட்ரெயினிங்ல ரெண்டு சிரிஞ்சுல வெறும் தண்ணிய நிரப்பி, லேபிள் ஒட்டி, ஒரே ட்ரேயில வச்சுக் குடுப்போம். ஒரு தடவை ஒரு ஃபார்மசிஸ்ட் தம்பி அந்த ட்ரேயையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. எட்டு வருஷமா மருந்து கலந்து அனுப்பறாராம், முதுகுல ஊசி போடறதை ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்லையாம். “நான் அனுப்பறது எங்க போய் நிக்குதுன்னே தெரியாதுக்கா”ன்னாரு. பக்கத்துல இருந்த பிஜி, அதாவது மேல்படிப்பு படிக்கற டாக்டரு, மருந்து கலக்கற ரூமை பாத்ததே இல்லைன்னாங்க. அடுத்த நாளே ரெண்டு பேரும் இடம் மாத்திப் போய் பாத்துட்டு வந்தாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 6 வயசு, பிளட் கேன்சருக்கு கீமோ போகுது. கவுன்ட் கம்மியா இருந்தப்போ ராத்திரி ஜுரம் வந்து பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், சீட்டு வாங்கி வரிசைல உக்காருங்கன்னாங்க, ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஜுர மருந்து குடுத்து காலைல பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்கன்னாங்க. அதுக்கப்புறம் ஐசியூல 9 நாள் கிடந்தா. இப்போ நல்லா இருக்கா. யாரைக் குத்தம் சொல்றதுன்னு தெரியல. (ஒரு அம்மா, ஒட்டன்சத்திரம்)

பொண்ணு நல்லா இருக்கான்னு படிச்சப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சும்மா. உங்களுக்கு வந்த கோவம் நியாயமானது.

கீமோவுல வெள்ளை அணுக்கள் இறங்கிடும், அதைத்தான் கவுன்ட் கம்மின்னு சொல்றோம், அதுலயும் நியூட்ரோஃபில்னு ஒரு வகை 500க்கு கீழ போயிட்டா கிருமிய எதிர்க்க உடம்புல ஆளே இல்லாத மாதிரி. அந்த நேரத்துல வர்ற ஜுரம் மத்த குழந்தைங்களுக்கு வர்ற ஜுரம் மாதிரி இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல கால் வச்சதுலேந்து ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் ஆன்டிபயாடிக் வெயின்ல ஏறணும். ரிசல்ட்டுக்காக காத்திருக்கக் கூடாது, என்ன கிருமின்னு பாக்கற பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு மருந்தை ஆரம்பிச்சிடணும். இது கேன்சர் டாக்டருக்கு மனப்பாடம், ஆனா உங்க பொண்ணை அந்த ராத்திரி முதல்ல பாத்தது கேன்சர் டாக்டர் இல்லையே. வாட்ச்மேன், சீட்டு போடறவங்க, கேஷுவாலிட்டி சிஸ்டர், ட்யூட்டி டாக்டர், ராத்திரி ஃபார்மசி சாவி வச்சிருக்கறவர், இந்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு தெரியாம போனாலும் அந்த ஒரு மணி நேரம் கரைஞ்சிடும். ட்ரெயினிங்னு நான் சொல்றப்போ இவங்க எல்லாரையும் சேத்துத்தான் சொல்றேன், சீட்டு போடற அண்ணனை விட்டுட்டு நடத்தற ட்ரெயினிங்கால உங்க பொண்ணுக்கு என்ன பிரயோஜனம்?

நீங்க செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன். தெர்மாமீட்டரை அக்குள்ல வச்சுத்தான் பாக்கணும், ஆசனவாய்ல வைக்கவே கூடாது, அந்த வழியா மருந்தும் வைக்கக் கூடாது. எத்தனை டிகிரி வந்தா கிளம்பணும்னு உங்க கேன்சர் டாக்டர்கிட்ட இப்பவே எழுதி வாங்கி வச்சிக்கோங்க. ஜுர மருந்து குடுத்துட்டு குறையுதான்னு வீட்டுல காத்திருக்காதீங்க, ஜுரம் மறைஞ்சிடும் ஆனா கிருமி உள்ளயே இருக்கும். வாசல்லயே சத்தமா சொல்லுங்க: “கீமோ போகுது, கவுன்ட் கம்மி, ஜுரம் வந்திருக்கு, ஒரு மணி நேரத்துல ஆன்டிபயாடிக் வேணும்.” கடைசியா கீமோ போட்ட தேதியும் கேன்சர் வார்டு போன் நம்பரும் எழுதின அட்டை ஒண்ணு பர்ஸ்லயே இருக்கட்டும். அந்த அட்டைய காட்டி, கேன்சர் வார்டுக்கு ஒரு போன் போடுங்கன்னு ட்யூட்டி டாக்டர்கிட்ட கேளுங்க, அவங்க கோச்சுப்பாங்களோன்னு தயங்காதீங்க.

கேள்வி: நான் குழந்தைகள் பிரிவுல பிஜி பண்றேன். ராத்திரி 2 மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டு ‘குழந்தை ஒரு மாதிரி இருக்கு டாக்டர்’ங்கறாங்க. போய்ப் பாத்தா பல சமயம் ஒண்ணும் இருக்காது. நானும் தூங்காம 30 மணி நேரம் ட்யூட்டில இருக்கேன். இதுக்கு என்ன ட்ரெயினிங் இருக்கு? (பயிற்சி மருத்துவர், கோயம்புத்தூர்)

தம்பி, உங்க களைப்பு எனக்கு தெரியும், அந்த 30 மணி நேரம் யாருக்கும் நல்லதில்ல. ஆனா ‘ஒரு மாதிரி இருக்கு’ங்கறதை தள்ளிடாதீங்க. எட்டு மணி நேரமா அந்தக் குழந்தைய பாத்துட்டு இருக்கறவங்களுக்கு, நம்பர் மாறறதுக்கு முன்னாடியே ஏதோ தெரிஞ்சிருக்கும், அதை உங்களுக்குப் புரியற மாதிரி சொல்ல அவங்களுக்கு யாரும் கத்துக் குடுக்கல, அவங்க சொல்றதை எப்படி கேக்கறதுன்னு உங்களுக்கும் யாரும் கத்துக் குடுக்கல.

இதுக்கு குவாத்தமாலாவுல ஒரு வழி பண்ணினாங்க. அந்த நாட்டோட குழந்தைகள் கேன்சர் ஆஸ்பத்திரி, அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல இருக்கற செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியோட சேர்ந்து, பியூஸ் (PEWS)னு ஒரு மார்க் போடற முறைய 2014 வாக்குல கொண்டுவந்தாங்க. நர்ஸ் ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் குழந்தையோட நடத்தை, இதயத் துடிப்பு, ரத்த ஓட்டம், மூச்சு இதுக்கெல்லாம் மார்க் போடுவாங்க, நர்ஸுக்கோ வீட்டுக்காரங்களுக்கோ மனசுக்கு சரியில்லைன்னாகூட அதுக்கும் அங்க இடம் உண்டு. மொத்தம் இவ்ளோ வந்தா டாக்டரை கூப்பிடணும், இன்னும் மேல போனா ஐசியூ டீம் வரணும்னு சுவத்துல ஒட்டியிருக்கும். நர்ஸ், வார்டு டாக்டர், ஐசியூ டாக்டர் எல்லாரும் இதைப் படிச்சாங்க, அதனால 5ன்னு நர்ஸ் சொன்னா ‘எதுக்கு இப்போ கூப்பிடறே’ன்னு கேள்வியே வரல, 5க்கு என்ன அர்த்தம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். திடீர்னு மோசமாகி ஐசியூவுக்கு தூக்கிட்டு ஓடறது, 1000 நோயாளி நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் வார்டுல இருந்தா அது ஒரு நோயாளி நாள்) 9.3 தடவைன்னு இருந்தது 6.5ஆ குறைஞ்சுது. லத்தீன் அமெரிக்காவுல நிறைய ஆஸ்பத்திரிங்க அப்புறம் இதை எடுத்துக்கிட்டாங்க.

உங்க வார்டுல மார்க் ஷீட் வர லேட்டாகலாம், அதுவரைக்கும் சிஸ்டருங்களோட உக்காந்து போன்ல எப்படி சொல்றதுன்னு பழகிப் பாருங்க. நாங்க பழக்கறது இப்படி:

“டாக்டர், 4வது பெட் பையன். அஞ்சு நாள் முன்னாடி கீமோ முடிஞ்சுது, கவுன்ட் 200. நாடி ஒரு மணி நேரத்துல 110லேந்து 150 ஆயிடுச்சு, கை கால் சில்லுனு இருக்கு, ஜுரம் இல்ல. செப்சிஸ் ஆரம்பிக்குதோன்னு பயமா இருக்கு. நீங்க பத்து நிமிஷத்துல வரணும், அதுக்குள்ள ஆக்சிஜன் போடவா?”

யாரு, இதுவரை என்ன நடந்துச்சு, எனக்கு என்ன தோணுது, நீங்க என்ன செய்யணும், இந்த நாலுதான். (செப்சிஸ்னா கிருமித் தொற்றால உடம்பே நிலைகுலையறது.) ட்ரெயினிங்ல நாங்க இதை மாத்தியும் விளையாடுவோம், டாக்டர் நர்ஸா நடிக்கணும், நர்ஸ் தூக்கக் கலக்கத்துல எரிஞ்சு விழற டாக்டரா நடிக்கணும். முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் ஒரு டாக்டர் பொண்ணு, “என்னைத் திட்டினதும் நான் சொல்ல வந்ததே மறந்துபோச்சு சிஸ்டர்”னாங்க, ரூமே அமைதியாயிடுச்சு.

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். கேன்சர் வார்டு ரவுண்ட்ஸுக்கு எங்களை கூப்பிடறதே இல்ல. எங்களுக்கும் அங்க என்ன வேலைன்னு கேக்கறாங்க. (சேலம்)

நிறைய இருக்கு. அதே வின்கிரிஸ்டின் கால் நரம்பை பாதிக்கும், குழந்தை பாதத்தைத் தூக்க முடியாம தடுக்கி விழும், ‘சோர்வா இருக்கான்’னு எல்லாரும் விட்டுடுவாங்க, நடைய பாத்ததும் நீங்கதான் கண்டுபிடிப்பீங்க. நீங்க சொன்னதும் ஃபார்மசிஸ்ட் மருந்து லிஸ்டை பாத்து, பூஞ்சைக்கு குடுக்கற சில மாத்திரை கூட சேர்ந்துதான் பாதிப்பை ஏத்துதான்னு பாப்பாங்க, டாக்டர் அதை மாத்துவாங்க. சோஷியல் வொர்க்கரும் அப்படித்தான், வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டிய மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரைய தினமும் குடுத்துட்டு இருக்காங்கன்னு வீட்டுக்காரங்களோட பேசும்போது அவங்ககிட்டதான் முதல்ல வெளில வரும். ரவுண்ட்ஸுக்கு கூப்பிட மாட்டாங்கன்னா நீங்களே போய் நில்லுங்க, ஒரு குழந்தையோட நடைய போன்ல வீடியோ எடுத்து, வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான், காட்டுங்க.

கேள்வி: எங்களது மாவட்ட ஆஸ்பத்திரி. காசு இல்ல, ஆள் இல்ல. ஒரு நர்ஸை ட்ரெயின் பண்ணி முடிக்கறதுக்குள்ள வேற வார்டுக்கு மாத்திடறாங்க. எங்கேந்து ஆரம்பிக்கறது? (நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட்)

மேடம், மாத்தறதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கேளுங்க, அதுக்கு ஆதாரம் இருக்கு. சியோப்னு 1969லேந்து இருக்கற உலக குழந்தைகள் கேன்சர் சங்கம், வசதி கம்மியான நாடுகளுக்குன்னே நர்ஸிங் அடிப்படைத் தேவைகளை வகுத்து வச்சிருக்காங்க. 5 குழந்தைக்கு ஒரு நர்ஸ், புதுசா வர்றவங்களுக்கு முறையான பயிற்சி, பயிற்சி எடுத்தவங்களை வேற வார்டுக்கு சுத்தவிடக் கூடாது, நர்ஸும் டீம்ல ஒருத்தர்னு மதிக்கணும், எல்லாம் அதுல இருக்கு. 2030க்குள்ள உலகம் முழுக்க கேன்சர் வந்த குழந்தைங்கள்ல 60 சதவீதமாவது பிழைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல இலக்கு வச்சிருக்கு, பணக்கார நாடுகள்ல இப்பவே 80 சதவீதத்துக்கு மேல பிழைக்குதுங்க. உங்க லெட்டர்ல இதையும் சேத்துக்கோங்க.

ஆரம்பிக்க காசு வேண்டாம். ஒரு பொம்மைய எடுத்துக்கோங்க, கவுன்ட் 300, ஜுரம் 39 டிகிரி செல்சியஸ்னு சீட்டு ஒட்டுங்க. ஒரு புதன்கிழமை மதியம் முன்கூட்டி சொல்லாம அதை ஆஸ்பத்திரி வாசல் கேட்டுலேந்து தூக்கிட்டு வாங்க, போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். சீட்டு கவுன்டர்ல எத்தனை நிமிஷம், கேஷுவாலிட்டில எத்தனை, மருந்து எடுத்துட்டு வர எத்தனைன்னு குறிச்சுக்கோங்க. முடிஞ்சதும் வழில இருந்த அத்தனை பேரையும் ஒரு டீக்கு உக்கார வச்சு அந்த நம்பரை காட்டுங்க, யாரையும் திட்டாம. எங்களுக்கு முதல் தடவை 2 மணி 10 நிமிஷம் ஆச்சு, அதுல 40 நிமிஷம் ஃபார்மசி சாவிக்கே போயிடுச்சு. அடுத்த வாரமே அந்த ஆன்டிபயாடிக் ரெண்டு டோஸ் கேஷுவாலிட்டி அலமாரிக்கு வந்துடுச்சு, வைக்கலாமேன்னு முதல்ல சொன்னது சீட்டு கவுன்டர்ல இருந்த அண்ணன்தான்.