திருடுபோன லேப்டாப்பை டிராக்கிங் மென்பொருள் மூலம் உண்மையிலேயே மீட்க முடியுமா?

முடியும். என் மகளின் லேப்டாப் அப்படித்தான் திரும்ப வந்தது. ஆனால் தம்பி, நீங்கள் கேட்கும் அவசரத்தைப் பார்த்தால் உங்களுடையது ஏற்கெனவே போய்விட்டது போலிருக்கிறது. மென்பொருளை முன்பே நிறுவியிருந்தால்தான் வழி உண்டு.

திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில், வள்ளியூர் போவதற்காக நாகர்கோவில் பஸ்ஸில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டுத் தண்ணீர் வாங்க இறங்கினோம். அதற்குள் லேப்டாப்போடு பை போய்விட்டது. கவனக்குறைவு என்று எழுத வருகிறவர்கள், பண்டிகை நாளில் அந்தப் பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

மகள் ‘பிரே’ (Prey) என்ற டிராக்கிங் மென்பொருளை நிறுவியிருந்தாள். அன்றிரவே அதன் இணையதளத்தில் ‘தொலைந்தது’ என்று குறித்தாள். நான்கு நாள் ஒன்றுமில்லை. இணையத்தில் சேராத வரை அது வாய் திறக்காது. ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது: சுற்றியுள்ள வைஃபை பெயர்கள், ஐ.பி. எண், வரைபடத்தில் பாளையங்கோட்டையில் ஒரு புள்ளி, கேமரா எடுத்த படம். அரும்பு மீசைப் பையன் ஒருவன். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் கணக்கு ஒன்றை அவள் விட்டுவைத்திருந்ததால்தான் இவ்வளவும். உள்ளே நுழைய முடியாமல் ஃபார்மட் செய்திருந்தால் மென்பொருளும் அழிந்திருக்கும்.

மைத்துனரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கே போகக் கிளம்பினேன். படத்தை வாட்ஸ்அப்பில் போடவும் இருந்தேன். “அப்பா, புள்ளி தெருவைத்தான் காட்டுகிறது, வீட்டை அல்ல” என்று மகள் தடுத்தாள். ஐ.பி. எண் யாருடைய இணைப்பு என்பதை இணையச் சேவை நிறுவனம் காவல்துறைக்குத்தான் சொல்லும். முதலில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்ட போலீசார், அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோன பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்.

அந்தப் பையன் திருடன் இல்லை. பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பில் இல்லாமல் வாங்கிய கல்லூரி மாணவன். “அண்ணாச்சி, ஒன்பதாயிரம் கடன் வாங்கிக் கொடுத்தோம். பில் கேட்கத் தோன்றவில்லை” என்று அவன் தாய் காவல் நிலையத்தில் அழுதார். படத்தை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? கேமராவுக்குத் தெரிவது பயன்படுத்துகிறவர் முகம்தான்.

கைக்கு வர நீதிமன்றத்தில் மனுப்போட்டு மேலும் ஒரு மாதம் ஆனது. பில்லும் சீரியல் எண்ணும் இருந்தது உதவியது. உங்கள் பில்லையும் சீரியல் எண்ணையும் இன்றே தேடி எடுங்கள்.

சொந்தக்காரர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தாமிரபரணிக் கரைக் கல்வெட்டுகளைப் பற்றி மகள் மூன்று ஆண்டு எழுதிய ஆய்வு அந்த லேப்டாப்பில் இருந்தது. “லேப்டாப் வாங்கிய பணத்துக்குப் பெண்ணுக்கு ஒரு வளையல் எடுத்திருக்கலாமே” என்று கல்யாண வீட்டில் அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் சாப்பிடாமல் எழுந்துபோனாள்.