இளைத்த குதிரைக்கு எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். கல்யாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் ஓட்டிப் போக ஒரு குதிரை வைத்திருக்கிறேன். வயது 14. தினமும் காலையில் 3 கிலோ கொள்ளு அவித்து வைக்கிறேன். கேழ்வரகுத் தாள் எப்போதும் முன்னால் கிடக்கும். அப்படியும் விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது. தாளை மென்று பாதியில் உருண்டையாகக் கீழே போடுகிறது. அரை லிட்டர் கடலை எண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றினால் உடம்பு தேறும் என்கிறார்கள். ஊற்றலாமா டாக்டர்?

பதில்: எண்ணெய் கொடுக்கலாம். ஆனால் குழாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். அப்படி ஊற்றிய குதிரை ஒன்று இரண்டு மூக்கிலும் சளி வழிய, விலா துடிக்க மூச்சு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவோ மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த உருண்டைகள்தான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் என்று குதிரையைச் சொல்வார்கள். அது மென்றதைத் துப்புகிறது என்றால் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குதிரைக்குக் கடைவாய்ப் பல் வயதான பிறகும் மேலே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையை விட அகலம் என்பதால், மேல்பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் தேயாமல் கத்தி போலக் கூராகிவிடும். அது கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஓர் உருண்டையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள், தாள் நீள நீளமாக அப்படியே இருக்கும். கால்நடை மருத்துவர் அரம் போட்டு ராவிவிட்டால் சரியாகும். நீங்களாக வாய்க்குள் கைவிட வேண்டாம். அப்படியே சாணத்தைக் குடற்புழுவுக்கும், ரத்தத்தைச் சர்ரா நோய்க்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குதிரை ஈ கடித்துப் பரவும் அந்த நோயிலும் காய்ச்சல் விட்டு விட்டு வரும், அடிவயிறு வீங்கும், உடம்பு உருகிப் போகும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு எண்ணெய்க்கு வருவோம். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் சிறிது சிறிதாகக் குடலில் வடிந்துகொண்டே இருக்கும். அதனால் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். முதலில் எடையைக் கணக்கிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். 150-ம் 140-ம் என்றால் 265 கிலோ. அந்த அளவுள்ள குதிரைக்கு நாளுக்கு 200 மில்லி போதும், அரை லிட்டர் அதிகம். முதல் நாலு நாள் 30 மில்லி, அப்புறம் மெல்லக் கூட்டி மூன்று வாரத்தில் அந்த அளவுக்கு வாருங்கள். கொள்ளில் பிசைந்து வேளைக்குக் கொஞ்சமாக வையுங்கள். சாணம் இளகிப் பளபளத்தால் அளவைக் குறையுங்கள்.

தவிட்டெண்ணெய், சோயா எண்ணெய் நல்லது. கடலை எண்ணெயும் ஆகும், சிக்கு வாடை இருக்கக் கூடாது. பலகாரம் சுட்ட எண்ணெய் வேண்டவே வேண்டாம். பச்சைப் புல் இல்லாமல் காய்ந்த தாள் மட்டும் தின்னும் குதிரைக்கு எண்ணெயோடு வைட்டமின் ஈ-யும் தேவைப்படும், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

200 மில்லி எண்ணெயின் சக்தி சுமார் அரைக் கிலோ கொள்ளுக்குச் சமம், அவ்வளவுதான். அதில் புரதம் இல்லை, முதுகில் சதை பிடிக்காது. அதற்குக் கடலைக்கொடியும் குதிரைமசாலும் சேருங்கள். 3 கிலோ கொள்ளை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து வையுங்கள், வயிற்றுவலி வராமல் இருக்கும்.

உடம்பில் மாற்றம் தெரிய ஆறேழு வாரமாகும். பல்லை ராவிய பிறகும் உருண்டை விழுந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள், உடனே திரும்ப அழைத்துப் போய்க் காட்டுங்கள்.